கேன் நிரம்பியது, காரணம் வேறு: ஒரு டர்போ காரில் ஆயில் கேட்ச் கேன் பொருத்திய நிகழ்வு ஆய்வு

இதில் வரும் வேலையைச் செய்தவன் நான். காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். காரின் உரிமையாளர் பள்ளத்தூர்க்காரர், சென்னையில் வேலை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் வண்டியின் கம்பெனியும் வேண்டாம் என்று இருவருமாக முடிவு செய்தோம். தவறு பெரும்பாலும் என்னுடையது.

வண்டியின் பின்னணி

1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான், மேனுவல் கியர், 2012-ஆம் ஆண்டு மாடல். எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் வகை. கம்பெனிக் கணக்கில் 160 குதிரைத்திறன். முதல் உரிமையாளர் காலத்திலேயே ஈசியூவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப், அதாவது கூடுதல் சக்திக்காக அதன் கணக்கை மாற்றும் வேலை, செய்திருந்தார்கள். இப்போது 200-ஐ ஒட்டி வரும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். டைனோ (சக்தி அளக்கும் இயந்திரம்) ரசீது எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தால் தெரியும், திருமயம் தாண்டி மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

என்னிடம் வந்தது ஒரு ஆடி மாதம். மீட்டரில் 84,000 கி.மீ. சென்னையிலிருந்து ஊருக்கு ஏறக்குறைய 400 கி.மீ.; மாதம் ஒரு முறையாவது வருவார். ஊரில் இருக்கும் நாட்களில் காரைக்குடி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று சின்னச் சின்ன ஓட்டம். நெடுஞ்சாலையில் முழு மிதி, ஊருக்குள் என்ஜின் சூடேறுமுன் நிறுத்துவது என்று இந்த வண்டிக்கு இரண்டு விதப் பிழைப்பு. இது பின்னால் முக்கியமாகிறது.

அவர் சொன்ன குறை ஒன்றுதான்: 1,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. இந்த வகை என்ஜின்களுக்கான கையேட்டில் ஓரளவு ஆயில் செலவாகலாம் என்று போட்டிருப்பார்கள். அதனால் சர்வீஸில் கேட்டபோது "நார்மல் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அவரே படித்துவிட்டு, கேட்ச் கேன் (என்ஜின் வாயுவோடு போகும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) போட்டால் சரியாகும் என்று முடிவோடு வந்தார்.

முதல் பார்வையில் கண்டது

காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் காற்று நுழையும் குழாயைக் கழற்றினேன். உள்ளே விரலை விட்டால் ஆயில் ஈரம். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கீழ்க் குழாயில் ஒரு மேசைக்கரண்டி அளவு தேங்கியிருந்தது. குழாய் கேமராவை விட்டு இன்டேக் வால்வுகளை (காற்று சிலிண்டருக்குள் போகும் வழியில் இருப்பவை) பார்த்தால், தண்டைச் சுற்றி அடுப்புக்கரி போலக் கார்பன் கட்டியிருந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் லேசான நடுக்கம் அதனால்தான்.

இது ஏன் நடக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டி என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். நம் பக்கத்து மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பது இதைத்தான். அந்த வாயு உள்ளே தேங்கினால் சீல்கள் பிதுங்கும். அதனால் பிசிவி என்ற வால்வு அமைப்பின் வழியாக அதை வெளியே எடுத்து, மறுபடி இன்டேக்கிலேயே விட்டு எரிக்கிறார்கள். வாயுவோடு ஆயில் ஆவியும் போகிறது. பழைய என்ஜின்களில் இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னால் இருக்கும். பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே இருக்கும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் அந்தக் கழுவல் இல்லை. வந்த ஆயில் சூட்டில் காய்ந்து அங்கேயே ஒட்டிவிடுகிறது. ரீமேப் செய்த டர்போவுக்கு இன்னொரு தொல்லை: காற்றோடு ஆயில் கலந்தால் கலவையின் ஆக்டேன் இறங்கும், நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானே வெடிப்பது) சீக்கிரம் வரும், ஈசியூ இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும். காசு கொடுத்து வாங்கிய சக்தி வெயில் காலத்தில் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

கேட்ச் கேன் என்பது அந்த வாயு போகும் வழியில் வைக்கும் ஒரு டப்பா. உள்ளே தடுப்புத் தகடுகளும் வலையும் இருக்கும். வாயு அதில் மோதிக் குளிரும்போது ஆயில் துளியாகிக் கீழே தங்கும், வாயு மட்டும் மேலே போகும். அவ்வளவுதான் அதன் வேலை.

அன்று இன்னொன்றும் பார்த்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திருகி எடுக்க முயன்றேன், வரவில்லை. இரண்டு கையால் இழுத்தபோது 'உஸ்' என்று திறந்தது. மூடியின் ரப்பர் ஊதியிருக்கும் என்று நினைத்துப் புது ரப்பர் போட்டேன். ஜாப் கார்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திருக்காது.

எடுத்த முடிவும் பொருத்திய விதமும்

கேன் போடலாம் என்று ஒத்துக்கொண்டேன். கார்பன் கட்டிய வால்வு, ஆயில் நனைந்த குழாய், ரீமேப் எல்லாம் கண் முன்னே இருந்ததால் வேறு காரணம் தேடத் தோன்றவில்லை.

உரிமையாளருக்கு ஆசை, மேலே சின்ன பில்டர் வைத்து வாயுவை வெளியே விடும் மாடல். ட்ராக் வண்டிகளில் பார்த்திருக்கிறார். மறுத்துவிட்டேன். கிராங்க் கேஸ் வாயுவை வெளியே விடாமல் எரிக்க வேண்டும் என்பது மாசு விதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. அது தவிர, இந்த வண்டி காற்றை அளந்து பெட்ரோல் கொடுப்பது. அளவுமானியைத் தாண்டி இடையில் காற்று புகுந்தால் கணக்கு கெடும். சிக்னலில் நிற்கும்போது வண்டிக்குள் வரும் வாடை வேறு. வாயுவை மறுபடி இன்டேக்குக்கே அனுப்பும் மூடிய சுற்று மாடல்தான் போட்டோம்.

கேன் 400 மி.லி. கொள்ளளவு, உள்ளே தடுப்பு உள்ளது. விலை குறைந்த கேன்கள் சிலவற்றைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. இரண்டு ஓட்டை போட்ட வெறும் டப்பா. அதில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்துக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த நார் துகளாகி டர்போவுக்குள் போனால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

கிட்டோடு வந்த நீல நிற சிலிக்கான் ஹோஸைத் தூக்கி வைத்துவிட்டேன். பார்க்க அழகு, ஆனால் வெறும் சிலிக்கான் ஆயிலுக்கு ஆகாது. சில மாதத்தில் வியர்க்க ஆரம்பிக்கும். ஆயில் தாங்கும் 19 மி.மீ. ரப்பர் ஹோஸ், உள்ளே நூல் பின்னல் உள்ளதாக வாங்கினேன். வேக்கத்தில் (காற்றை உறிஞ்சும் இழுப்பில்) சப்பிப் போகாமல் இருக்க அந்தப் பின்னல் வேண்டும். பிராக்கெட்டை இங்கேயே லேத்தில் சொல்லிச் செய்தது. டர்போவும் எக்ஸாஸ்டும் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், முன்னால் காற்று படும் இடத்தில் மாட்டினேன். கேன் சூடானால் ஆயில் படியாது, ஆவியாகவே கடந்து போய்விடும்.

பிசிவி மாடியூலிலிருந்து வரும் ஹோஸ் கேனுக்கு. கேனிலிருந்து ஒரு டி இணைப்பு. ஒரு கிளை மானிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்), இன்னொன்று டர்போவின் வாய்க்கு. இரண்டிலும் ஒன்வே வால்வு. ஐட்லிங்கில் மானிஃபோல்டு உறிஞ்சும். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது அந்த வழி மூடிக்கொண்டு டர்போ உறிஞ்சும். ஹோஸ் எங்கேயும் தொட்டில் போலத் தொங்காமல் கட்டினேன். தொங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி வழியை அடைக்கும். கேனுக்கு அடியில் ஒரு டிரெயின் குழாய்.

அரை நாள் வேலை. ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன், எந்தப் பிழைக் குறியீடும் (கோடு) இல்லை.

முதல் மூன்று மாதம்

ஒரு முறை சென்னை போய் வந்து, ஊருக்குள்ளும் சுற்றி, ஏறக்குறைய 900 கி.மீ. கழித்து வந்தார். டிரெயினைத் திறந்தேன். சர்வீஸ் குவளையில் 60 மி.லி. கறுத்த ஆயில், பெட்ரோல் வாடையோடு.

"அண்ணே, பாத்தீங்களா? இவ்வளவும் என்ஜினுக்குள்ள போயிருக்கும்!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போட்ட பொருள் வேலை செய்கிறது என்பதற்குக் குவளையில் சாட்சி இருக்கிறது. அடுத்த தடவை 65, அதற்கடுத்து 70. எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதை இருவருமே நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம். நல்ல நிலையில் இருக்கும் என்ஜின் இந்த ஓட்டத்துக்கு இவ்வளவு கக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆயில் ஊற்றும் அளவும் குறையவே இல்லை. முன்பு எரிந்ததில் ஒரு பகுதி இப்போது கேனில் விழுகிறது, அவ்வளவுதான். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

"ஆயில்தானே, திரும்ப ஊத்திடலாமா?" என்று ஒரு முறை கேட்டார். கூடாது. அதில் பெட்ரோலும் தண்ணீரும் அமிலமும் கலந்திருக்கிறது. பழைய ஆயில் டிரம்முக்குத்தான் போக வேண்டும்.

கார்த்திகை பிறந்ததும் நிறம் மாறியது. மோர் போல வெளுத்த கலங்கல் வந்தது. ஹெட் கேஸ்கட் போய், கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது என்று பயந்து ராத்திரி போன் செய்தார். கூலன்ட் அளவு குறையவில்லை, கூலன்ட் டப்பாவில் குமிழி இல்லை. இது எரிப்பில் உண்டாகும் நீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். பெரும்பகுதி புகைக்குழாயில் போகும், கொஞ்சம் ரிங்கைத் தாண்டி இறங்கும். பனிக்காலத்தில், பத்துப் பன்னிரண்டு கி.மீ. ஓட்டத்தில், குளிர்ந்த கேனில் அது தண்ணீராகி ஆயிலோடு கடைந்துகொள்கிறது. இது கோளாறு இல்லை என்று நான் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சரியான பதில் எனக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்துவிட்டது. மற்றதையும் பார்க்காமல் விட்டேன்.

விசில்

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார். காலையில் போன்.

"அண்ணே, ஐட்லிங்ல நின்னா விசில் அடிக்குது. ஆச்சி ரெண்டு தடவை வெளிய வந்து யாரு கூப்பிடுறதுன்னு பாத்துட்டாங்க. அப்புறம், வண்டி நின்ன இடத்துல சிமெண்டுத் தரையில ஆயில் பொட்டு."

"இப்ப ஓட்டாதீங்க தம்பி. நான் வரேன்."

போய்ப் பார்த்தேன். செக் என்ஜின் விளக்கு எரிந்திருந்தது. கோடு பி0171, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது. விசில் என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து வருவது போல இருந்தது. ஆயில் பொட்டும் அதற்கு நேர் கீழேதான்.

முதல் சந்தேகம் என் வேலையின் மேலேயே. ஹோஸ் இணைப்பில் எங்கோ காற்று புகுகிறது என்று நினைத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்து புகை விட்டுப் பார்த்தேன். கேன், டி இணைப்பு, கிளாம்ப் எங்கும் புகை இல்லை. வால்வ் கவர் மேல் உட்கார்ந்திருக்கும் பிசிவி மாடியூலின் தலையில் ஊசி முனை அளவு ஒரு மூச்சுத் துளை உண்டு. புகை அதிலிருந்து நூல் போல எழுந்தது.

அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. மானிஃபோல்டின் வேக்கம் முழுவதும் கிராங்க் கேஸ் மேல் விழாமல் மட்டுப்படுத்துவது அதன் வேலை. அது கிழிந்தால் இரண்டு கேடு. துளை வழியாக அளவில் வராத காற்று உள்ளே போகிறது. அதனால்தான் அந்தக் கோடு. மட்டுப்படுத்த ஆள் இல்லாததால் மானிஃபோல்டு கிராங்க் கேஸை ஓங்கி உறிஞ்சுகிறது. ஆயில் ஆவி அள்ளிக்கொண்டு வருகிறது, பின்பக்கக் கிராங்க் சீலின் (கியர் பாக்ஸ் பக்கம் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) உதடு உள்ளே இழுபட்டு அதன் வழியே காற்று விசிலடித்துப் போகிறது. உதடு தேய்ந்தபின் பூஸ்டில் ஆயில் வெளியே கசிகிறது.

ஆடி மாதம் இரண்டு கையால் இழுத்த ஆயில் மூடி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மட்டக் குழாயில் அளந்தது

சந்தேகத்தை எண்ணாக்க வேண்டியிருந்தது. கிராங்க் கேஸ் வேக்கம் அளக்கும் கருவி என்னிடம் இல்லை. பக்கத்து வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூபைக் கடன் கேட்டேன். பழைய ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டு நிப்பிள் வைத்து டியூபை மாட்டினேன். டியூபை உத்தரத்துக்கு மேலே ஏற்றி இறக்கி, மறுமுனையைத் தரையில் தண்ணீர் வாளிக்குள் விட்டேன். மேலே ஏற்றியது எதற்கென்றால், உறிஞ்சல் அதிகமாக இருந்தால் தண்ணீர் என்ஜினுக்குள் போய்விடக் கூடாது. 10 செ.மீ. தண்ணீர் ஏறினால் ஏறக்குறைய 10 மில்லிபார் வேக்கம்.

ஸ்டார்ட் செய்தேன். டியூபில் தண்ணீர் கிடுகிடுவென்று ஏறி ஒரு மீட்டரைத் தாண்டியது. உடனே அணைத்தேன்.

கேனைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டு, கம்பெனிக் குழாயைப் போட்டு மறுபடி பார்த்தேன். அதே உயரம். ஆகக் கோளாறு கேனால் வந்ததில்லை. கேன் அதை மறைத்துத்தான் வைத்திருந்தது. இன்டேக்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதி கண் முன்னே கேனில் விழுந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

செய்த வேலைகள்

புது பிசிவி மாடியூல் வரவழைக்க நான்கு நாள் ஆனது. விலை, நாங்கள் போட்ட கேனையும் ஹோஸையும் விடக் குறைவு. மாற்றிவிட்டு அளந்தால் தண்ணீர் 25 செ.மீ.யில் நின்றது. விசில் இல்லை. ஓடும் என்ஜினில் மூடி ஒரு கையில் சுலபமாக வந்தது. எல்லா என்ஜினுக்கும் இதே எண் பொருந்தாது. அந்தந்த என்ஜினின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்.

கம்ப்ரஷனும் லீக் டவுனும் (சிலிண்டரின் அழுத்தமும் கசிவும்) பார்த்தேன். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, நல்ல நிலையில் இருந்தன. ரிங் போயிருந்தால் மாடியூல் மாற்றி என்ன பயன்? இந்தச் சோதனையையும் ஆடியிலேயே செய்திருக்க வேண்டும்.

கிராங்க் சீலை உடனே மாற்றலாமா என்பதில் இரு மனம். கியர் பாக்ஸை இறக்க வேண்டும், கூலியே அதிகம். வேக்கம் சரியானதால் கசிவு நின்றாலும் நிற்கலாம் என்று 500 கி.மீ. ஓட்டிப் பார்த்தோம். நிற்கவில்லை. ரீமேப்பின் கூடுதல் டார்க்கில் கிளட்சும் முடிகிற நிலையில் இருந்ததால் இரண்டையும் சேர்த்துச் செய்தோம். சீலுக்கான கூலியை நான் வாங்கவில்லை. அவர் கொடுக்க வந்தார். வாங்கியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

வால்வு கார்பனைக் கோவையில் வால்நட் ஓட்டுத் தூள் அடித்துச் சுத்தம் செய்துகொண்டார். கேன் போட்டால் பழைய கார்பன் கரையும் என்று சிலர் நினைக்கிறார்கள், கரையாது. இனி சேர்வதைக் குறைக்கும், அதுவும் முழுவதும் நிறுத்தாது.

கேனைத் திரும்பப் போட்டது

உடனே போடவில்லை. 2,000 கி.மீ. கம்பெனி அமைப்பிலேயே ஓட்டச் சொன்னேன். டிப்ஸ்டிக்கை ஒவ்வொரு முறையும் சமதளத்தில், என்ஜின் அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்துக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பின்படி ஆயில் செலவு 4,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்ற கணக்குக்கு இறங்கியிருந்தது.

அதன்பிறகு கேன் தேவையா என்று அவரே கேட்டார். கம்பெனி அமைப்பில், சாதாரணமாக ஓட்டும் வண்டி என்றால் வேண்டாம் என்றிருப்பேன். ரீமேப், டைரக்ட் இன்ஜெக்ஷன், நெடுஞ்சாலையில் தொடர்ந்து பூஸ்ட். அதனால் இந்த வண்டிக்குப் பயன் உண்டு என்றேன். ஆனால் ஒவ்வொரு 1,000 கி.மீ.க்கும், பனிக்காலத்தில் இன்னும் சீக்கிரமும், காலி செய்ய வேண்டும். மறந்து நிரம்பிவிட்டால் மொத்தமும் ஒரே மூச்சில் இன்டேக்குக்குள் போகும். அதற்குக் கேன் இல்லாமலே இருக்கலாம். ஒப்புக்கொண்டார். மாசி மாதம் மறுபடி மாட்டினோம். 900 கி.மீ.க்கு இப்போது விழுவது 12 முதல் 15 மி.லி.

இனி நான் மாற்றிச் செய்வது

கேன் கேட்டு வருகிற வண்டியில் முதலில் ஆயில் மூடியைத் திறந்து பார்க்கிறேன், அப்புறம் டியூப். சொந்தமாக ஆறு மீட்டர் வாங்கி வைத்துவிட்டேன். கொத்தனாருடையதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்த எண்ணும் கம்ப்ரஷன் எண்ணும் ஜாப் கார்டில் ஏறாமல் கேனை மாட்டுவதில்லை. டியூப் பார்க்கப் பத்து நிமிடம்; கம்ப்ரஷனுக்கு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும், அரை மணி. சிலர் இதற்கே முகம் சுளிக்கிறார்கள். போன வாரம் ஒருவர் "கேன் மாட்டத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு மதுரைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

வடித்த அளவையும் நிறத்தையும் வண்டியிலேயே ஒரு சின்ன நோட்டில் எழுதச் சொல்கிறேன். 60, 65, 70 என்று வரிசையாக எழுதியிருந்தால் மூன்றாவது வரியிலாவது எனக்கு உறைத்திருக்கும்.

இந்த வண்டியின் வால்வுகளை மறுபடி கேமரா விட்டுப் பார்க்க 15,000 கி.மீ. என்று குறித்திருக்கிறோம். இப்போது 6,200 ஓடியிருக்கிறது.